செருப்பைக் கழற்ற வைத்த மேடை

2025 ஜனவரி 18, சனி
பழைய பேப்பர் கடையில் கிடைத்த அந்த எழுபதுகளின் வீட்டலங்காரப் புத்தகத்தை இன்றும் புரட்டினேன். ஆரஞ்சுச் சுவர், வளைந்து ஏறும் மாடிப்படி, சிவப்பு ரெக்சின் சோபா, அதில் புள்ளிச் சேலையும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக ஒருத்தி. இதைப் பார்த்தால் எனக்கு ஏன் வரையக் கை பரபரக்கிறது? நாங்கள் வாடகைக்கு இருப்பது இரண்டே அறையில்.

ஜனவரி 20
இண்டூர் மணிமேகலையின் கல்யாண வரவேற்புக்கு புத்தகத்து அறையையே மேடையாகப் போடலாம் என்றேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புள்ளிச் சேலையே எடுக்கிறாளாம். மேடை அலங்காரத் தொழில் என் கணவர் முதசிருடையது. "ஒரு தடவ செஞ்சு பாரு நஸீமா. சொதப்பிருச்சுன்னா பழையபடி பூ ஸ்டேஜ்தான். அப்புறம் வரையறேன்னு உக்காரக் கூடாது" என்றார். சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 2
பார்த்து வரைந்தால் அது என்னுடையதா? புத்தகத்துச் சுவரில் வட்டங்கள். நான் மாங்காயாக மாற்றினேன். அழித்தேன். மறுபடியும் மாங்காய்.

பிப்ரவரி 9, ஞாயிறு
இன்று மணிமேகலையின் வரவேற்பு. என்ன நடந்தது என்றே புரியவில்லை. மேடைப் படியருகே செருப்புக் குவியல். ஏறியவர்கள் எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள், கோட்டு போட்ட மாப்பிள்ளைத் தோழர்கள் உட்பட. போட்டோகிராபர் குரு எரிந்து விழுந்தான். "எல்லாப் படத்துலயும் வெறுங்காலு. என்னக்கா இது?"

பெண்ணின் அம்மா கண்ணம்மாளிடம் செருப்போடு வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வூட்டுக்குள்ள எப்பிடிம்மா செருப்போட வர்றது?" என்றவர், மகள் பக்கத்தில் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. வரிசை சாப்பாட்டுக் கூடம் வரை நீண்டது. முதசிர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10
அழுதேன். சொதப்பலா இல்லையா, எனக்கே தெரியலையே. வீடுன்னு நம்பினாங்களே, அது தப்பா?

பிப்ரவரி 23
மணிமேகலை போன் செய்தாள். திட்டத்தான் போகிறாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அக்கா, போட்டோ எல்லாம் வந்துச்சுங்க. கல்யாணத்துல ரெண்டு நாளும் எங்கம்மா ஓடிட்டேதான் இருந்தாங்க. அவங்க உக்காந்திருக்கற போட்டோ உங்க சோபாவுல மட்டுந்தாங்க இருக்குது."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். முதசிர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 4, மூன்றாம் நோன்பு
அரூர் கல்யாணத்துக்கு ஓர் அறை வரைந்துகொண்டிருந்தேன். முதசிர் எட்டிப் பார்த்து, "சோபா ஒண்ணா, ரெண்டா?" என்றார்.

"ரெண்டு" என்றேன். அம்மாக்கள் இரண்டு பேராயிற்றே.