நீலப்பூச் செடியும் காணாமல் போன மூடியும்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். அத்தை தினமும் காலையில் உங்கள் நீலப்பூச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே உங்களிடம் என்னைப் பற்றிப் பேசுகிறார்களே, அதில் பாதி பொய். மத்தியானத்துக்குள் பூ மூடிக்கொள்ளும் என்று காலையிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறார்கள். "ஒங்க மருமக இன்னைக்கும் சாம்பார்ல உப்ப அள்ளிக் கொட்டிட்டா" என்று ஒருநாள் சொன்னது சமையல்கட்டு ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. அன்றைக்கு நான் சாம்பாரே வைக்கவில்லை மாமா. புளிக்குழம்பு.

அந்தச் செடியைப் புதுக்கோட்டை நர்சரியிலிருந்து வாங்கிவந்த நாள் நினைவிருக்கிறதா? விஷ்ணுகிராந்தி மூலிகைக்குப் பங்காளி முறை என்றீர்கள். முழ உயரம்கூட வளராமல் தரையோடு படரும், சட்டைப் பொத்தான் அளவில் நீலப்பூ பூக்கும் என்றீர்கள். கொல்லையில் நான் துவைகல் போட நினைத்திருந்த அதே இடத்தில் கொண்டுபோய் நட்டீர்கள்.

"கறிவேப்பிலை வச்சாலாவது ரசத்துக்கு ஆகும்ல மாமா?" என்று கத்தினேன்.

"இந்த எடத்துக்கு இதுதான் ஆத்தா சரி. வேரு ஆழம் போவாது. எப்ப வேணும்னாலும் பேத்து எடுத்துக்கலாம்."

"அப்ப இப்பவே பேத்து எடுங்க!"

நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் மூன்று நாள் உங்கள் டீயில் சீனியைக் குறைத்தேன். உங்கள் உடம்புக்காகத்தான் என்று அப்போது சொன்னதும் பொய்.

இந்த மாதம் உங்கள் தலைத்திவசம். நாலு நாள் இருக்கும்போது டாய்லெட்டில் குடகுடவென்று சத்தம். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிற நேரத்தில் இப்படியா? டேங்க் சுத்தம் செய்யும் லாரியை வரச்சொன்னேன்.

"டேங்க் மூடி எங்கிட்டு இருக்குக்கா?" என்றார் லாரிக்காரர்.

"தெரியாது தம்பி. எங்க மாமாதான் நின்னு கட்டுனாரு."

"அப்ப அவரைக் கூப்புடுங்க."

மாலை போட்டிருந்த உங்கள் படத்தைக் காட்டினேன். பாவம், அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

துபாயிலிருந்து உங்கள் மகன் வீடியோ காலில் வந்தார். "அங்கிட்டு தோண்டச் சொல்லு... அட அங்கிட்டு இல்ல, இங்கிட்டு!" போனுக்குள்ளிருந்து கை நீட்டினால் எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்? முதல் குழியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. இரண்டாவதில் வெறும் கல். லாரிக்காரர் மெல்லச் செடியைப் பார்த்தார்.

அத்தை குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். "என் மேல கடப்பாறையப் போட்டுட்டு அப்புறமா செடியத் தொடு. போனவரு திரும்பப் போகணுமா?"

அத்தைக்கு அது வெறும் செடி இல்லை, நீங்கள்தான். அதை வெட்டச் சொல்லும் பாவம் எனக்கு வேண்டாம் என்று நின்றபோதுதான் நம் சண்டை நினைவுக்கு வந்தது. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பேத்து எடுக்கலாம்னா சொன்னாரு? எங்கிட்ட சொல்லலையே" என்றார்கள். பிறகு தானே மண்வெட்டியை வாங்கி, சுற்றிக் கொத்தி, செடியை மண்ணோடு அலுங்காமல் சாக்கில் ஏற்றினார்கள். அரையடி மண்ணுக்குக் கீழே மூடி இருந்தது. ஈர சிமெண்டில் விரலால் 'மூடி' என்று வேறு எழுதிவைத்திருக்கிறீர்கள். மண்ணைப் போட்டு மூடுகிற இடத்தில் யார் படிக்க எழுதினீர்கள்?

வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப நட்டோம். மறுநாள் செடி துவண்டு கிடந்தது. அடுத்த நாளும் ஒரு பூ விரியவில்லை. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். காலையில் பேச ஆள் இல்லாமல் அத்தை சமையல்கட்டுக்கு வந்தார்கள். என் எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை உங்களைப் பற்றி! கல்யாணப் பந்தியில் அத்தைக்கு வைத்த ஜாங்கிரியையும் நீங்களே தின்றதிலிருந்து தொடங்கி இரண்டு நாள் ஓடியது. உங்கள் மானம் கப்பலேறிவிட்டது மாமா.

திவசத்தன்று காலையில் நாலு பூ விரிந்திருந்தது. "போங்கத்தே, மாமா காத்திருப்பாரு" என்றேன். அத்தை ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, "எல்லாரும் நல்லாருக்கோம். உள்ள வேலை கெடக்கு, வாரேன்" என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்கள்.

படையல் முடிந்து இலையில் உட்கார்ந்தபோது சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அடுத்த தடவை டேங்க் நிரம்பினால் உங்கள் செடியை என் கையால் எடுத்து என் கையால் நடுவேன். துவைகல்லுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உப்பைச் சரியாகவே போடும் உங்கள் மருமகள்
சுமதி