என் லொறிக்கு எதிராக மகள் எழுதிய மனு

பதுளை
14.3.1978

அன்புள்ள ஸைனபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெலிகமையில் நீயும் உம்மாவும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன்.

வெலிமடையில் நம் லொறி சரிந்து, தோட்டத்துப் பெண்கள் இருவருக்குக் கால் முறிந்ததல்லவா? அவர்களுக்காக நட்டஈடு கேட்டு மனு எழுதியது நம் மகள் லரீபாதான்! "என்ன மகள், வாப்பாக்கே எதிராவா?" என்றேன். "லொறி உங்கட, வாப்பா. கால் அவங்கட" என்றாள். சந்தையில் பேரம் பேசி யாரிடமும் தோற்காத நான், கேட்ட நட்டஈட்டை அப்படியே கொடுத்தேன்.

அந்த மனுவைப் படித்த கொழும்புச் சட்டத்தரணிகள் அலுவலகம் ஒன்று, அவள் சட்டம் படிக்கப் புலமைப்பரிசில் தந்திருக்கிறது. சம்மதக் கையெழுத்துப் போட்டு, நேற்று ரயிலேற்றிவிட்டேன்.

வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. நீ இடித்துத் தந்த மாசிக் கருவாட்டுச் சம்பலும் முடிந்துவிட்டது. யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே கொண்டு வா.

தபால் பை கட்டும் நேரமாகிவிட்டது.

ஹாஷிம்