ஒன்று என்று சொன்ன விரல்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ நலமாக இருப்பாய், இருக்க வேண்டும். நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையில் பெட்டி, வலது கையால் துணியை நீவிக்கொண்டிருந்தாள். கருகல் வாடை வந்ததும், 'ஐயையோ, உங்க சட்டை போச்சுங்க' என்று பதறிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி அவள் வலது கை விரல்மேல் இருந்திருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு அந்தக் கைக்குத் தொட்டதும் தெரிவதில்லை, சுட்டதும் தெரிவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு விரலில் கொப்புளம், மருந்து போடுகிறேன், ஆறிவருகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேனே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். 'அம்மா கைக்கு உணர்ச்சி திரும்ப இந்தக் காந்தக் காயில் உதவலாம், முதல்ல உங்க தலையில வச்சுப் பாருங்கப்பா, அப்புறம் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க' என்றாய். என் விரலில் வித்தியாசம் தெரிந்தால் அழைத்துவருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அங்கே உன்னோடு வேலை செய்கிறவரிடம், 'அப்பா படிக்காதவர், மெதுவா சொல்லுங்க' என்றாய். நாற்பது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். காயிலில் கரண்ட் ஏறி இறங்கினால் தொடாமலே பக்கத்துக் கம்பியிலும் பாயும் என்பதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மண்டைக்குள்ளும் அதே சங்கதிதான். என்னைப் படிக்காதவன் என்று நீ சொன்னது தப்பு, இன்றைக்கும் தப்புதான். அந்தக் கோபத்தோடுதான் கண்ணை மூடி உட்கார்ந்தேன். முதலில் கவராயம் மாதிரி இருந்த இரட்டை முனையை விரலில் வைத்தாய், ஒரே முனையாகத்தான் பட்டது. அப்புறம் தலைமேல் காயில் டக் டக்கென்று தட்டி ஓய்ந்ததும் மறுபடி வைத்தாய். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன, பிரித்துவைத்த மெல்லிய கம்பிகள் மாதிரி. 'ஒண்ணாப்பா, ரெண்டாப்பா?' என்று கேட்டாய். ஒன்று என்றேன். கடைசிவரை ஒன்று என்றே சொன்னேன். கண்ணைத் திறந்து உன் முகம் வாடியிருந்ததைப் பார்த்தும் உண்மையைச் சொல்லவில்லை.

இதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. 'ரெண்டு வருஷமாங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது என்று நீ அன்றைக்கே சொன்னாய். இனி பிரயோசனம் உண்டா இல்லையா என்று ஒளிக்காமல் எழுது. எதுவானாலும் அவளை அழைத்துவருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, அந்தத் திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் என் பரிசோதனைத் தாளில் 'ஒன்று' என்று இருப்பதை 'இரண்டு' என்று திருத்திவிடு. அம்மாவிடம் நீ ஒன்றா இரண்டா என்று கேட்கும்போது நான் வெளியே பெஞ்சில் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா