ஏழாவது கதிரையில் ஒரு செருப்புக்கால்

புதுச் சப்பாத்தின் மணம் அறை முழுக்க நிற்கிறது. மகள் போன கிழமை வாங்கி வந்தாள். "கோட்டுக்குப் போற ஆள் தேஞ்ச செருப்போட போகாதேங்கோ அம்மா" என்று பெட்டியோடு என் காலடியில் வைத்தாள். நான் இன்னும் போடவில்லை. மூடியைத் திறந்து பார்க்கிறேன், பிறகு மூடுகிறேன். திறக்கிற போதெல்லாம் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளிமுனைக் கரையில் கூலிக்கு வலையில் நண்டு கழற்றுகிற உங்கள் மனைவி, ஒரு கொலை வழக்கில் யூரி. தீர்ப்புச் சொல்லப்போகிற ஏழு பேரில் ஒருத்தி. கிராம சேவகர் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன்தான். "அது பெரிய உத்தியோகக்காரற்ற வேலையெல்லோ தம்பி?" என்று கேட்டேன். "முந்தி அப்பிடித்தான் அக்கா. காணி, சம்பளம் எல்லாம் பாத்துத்தான் ஆளெடுத்தவை. இப்ப அதைத் தளர்த்திப்போட்டினம். வாக்குப் போடுற ஆர் எண்டாலும் வரலாம்" என்றார். "வராட்டி?" என்றேன். "வரத்தான் வேணும்" என்றார். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. வழக்கு முடியும்வரை அதைப்பற்றி ஒருவரோடும் கதைக்கக்கூடாது என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். மகளோடு கதைக்க முடியாது, மாதா கோயில் சுவாமியாரோடும் முடியாது. சேமக்காலையில் மண்ணுக்குள் படுத்திருக்கிற உங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் அடுப்புக்குள் போட்டுவிடுவேன், பயப்படாதீர்கள். பயப்படுவதற்கு நான் ஒருத்தி போதும்.

கூண்டில் நிற்பவன் வெள்ளாங்குளம் பக்கத்துப் பொடியன். இருபது வயது சொல்லலாம். வாய்த்தர்க்கம் முற்றி, கத்தியால் குத்தி ஒரு மனிதரைக் கொன்றான் என்று வழக்கு. குத்தியது தான் இல்லை என்கிறான். சாட்சிக்காரர் ஒருவர் பேசும்போது குத்தியவன் இவன்தான் என்று தோன்றுகிறது. அடுத்தவர் வந்ததும் இவனாக இராது என்று தோன்றுகிறது. குற்றவாளி என்றால் மரண தண்டனை. இப்போது தூக்கில் போடுவதில்லை என்கிறார்கள். ஆனால் அதை வாசிக்கும்போது விளக்கை எல்லாம் அணைத்து மின்விசிறியையும் நிறுத்துவார்களாம். நான் இருக்கிற ஏழாவது கதிரைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி கறகறவென்று சுற்றுகிறது. அந்தச் சத்தம் ஒரு கணம் மாறினாலும் அண்ணாந்து பார்க்கிறேன்.

முதல் நாளே அவன் தலையைக் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தான். வரிசையாகப் பார்த்து வந்து என் செருப்பில் நின்றான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். 'இவ எங்கட ஆள்' என்று எழுதியிருந்த பார்வை அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து தெரியும்.

நீங்கள் மறியலில் சிறையிருந்து வந்த அன்று முதல் சோறு தின்றுகொண்டே சொன்னீர்கள். "ஏழு பேரும் சப்பாத்துக்கால். கூட்டுக்குள்ள நிண்டு குனிஞ்சா அதுதான் தெரியும். ஒருத்தர் காலை ஆட்டிக்கொண்டு இருந்தவர். இன்னொருத்தர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவர். செருப்போட ஒருத்தன் இருந்திருக்கலாம்." கரையில் நடந்த சண்டையில் துடுப்பால் அடித்து ஒருவருடைய கண்ணைப் போக்கினீர்கள் என்று அந்த ஏழு பேரும் சொன்னார்கள். நீங்கள் அடித்தீர்களா என்று நான் கேட்டதே இல்லை. நீங்களும் சொன்னதில்லை. அவ்வளவு காலம் உங்களோடு ஒரு பாயில் படுத்தவள் கேட்காத கேள்விக்கு, முன்பின் தெரியாத ஒருத்தியின் பிள்ளை விஷயத்தில் இப்போது விடை சொல்ல வேண்டுமாம். இது என்ன நியாயம், சொல்லுங்கள்.

போன ஞாயிறு பூசையில்தான் எல்லாம் கலங்கியது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரம். வலப்பக்கம் கும்பிட்டேன், இடப்பக்கம் கும்பிட்டேன். முன்வாங்கில் நின்றவள் திரும்பினாள். பொடியனின் தாய், கோட்டில் ஒவ்வொரு நாளும் பின்வாங்கில் இருப்பவள். வழக்குக்காக வந்து இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள் போல. அவளும் என்னைக் கண்டு திடுக்கிட்டாள். கும்பிட்ட கையை அவள் இறக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. "சமாதானம்" என்றாளா, வேறேதும் கேட்டாளா, பாட்டுச் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. நான் பதிலுக்குக் கும்பிட்டேன். கும்பிடாமல் எப்படி விடுவது? நற்கருணை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வீடு வரும்வரை ஆராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு பொல்லாத நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதை நீதிபதியிடம் சொன்னால் என்னை இறக்கி விடுவார்கள். பிறகு நான் என் பாட்டில் வலை கழற்றலாம். திங்கட்கிழமை காலையில் போனவுடனேயே நீதிமன்ற அலுவல் பார்க்கிற முதலியாரிடம் சொன்னேன். அவர் என்னை நீதிபதி முன் கொண்டுபோய் நிறுத்தினார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் நிற்க, நீதிபதி கேட்டார்.

"அந்த அம்மா வழக்கைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

"எனக்கு விளங்கேல்ல ஐயா. சமாதானம் எண்டுதான் சொல்லியிருப்பா எண்டு நினைக்கிறன்."

"இஞ்ச கேட்ட சாட்சியத்தை மட்டும் வைச்சு உங்களாலை முடிவெடுக்க ஏலுமோ? ஏலாட்டிச் சொல்லுங்கோ, விட்டுவிடலாம்."

கதவு திறந்திருந்தது. ஏலாது என்ற ஒரு சொல்தான். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். அப்போது உங்கள் சோற்றுக் கோப்பை நினைவுக்கு வந்தது. செருப்போடு ஒருத்தன் இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னதும் நான் கோபத்தில் கேட்டேனே: "இருந்திருந்தா? உங்களை விட்டிருப்பானோ?"

கோப்பையை வழித்துக்கொண்டே சொன்னீர்கள். "விட்டிருக்க மாட்டான். ஆனா பயந்திருப்பான். என்ர சீவியத்தைக் கையில வைச்சுக்கொண்டு அதில ஒருத்தருக்கும் பயம் வரேல்லையப்பா."

"எனக்குப் பயமாக் கிடக்கு ஐயா" என்றேன் நீதிபதியிடம். "ஆனா ஏலும்."

அவர் அதை எழுதிக்கொண்டார். வழக்கறிஞர்களைப் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். "போய் இருங்கோ" என்றார். போய் இருந்தேன். பொடியன் மறுபடியும் என் காலைப் பார்த்தான். இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. அவனை விடுவேன் என்று நினைக்கிறானோ தெரியாது. அது எனக்கே தெரியாதே.

நாளைக்கு நீதிபதி எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லுவார். பிறகு எங்கள் ஏழு பேரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அந்தத் தாயின் கூப்பிய கை கண்ணை விட்டுப் போகவில்லை. செத்த மனிதருக்கும் ஒரு தாய் இருப்பாள், அவளை இன்னும் நான் காணவில்லை என்பதும் பயமாக இருக்கிறது.

சப்பாத்துப் பெட்டியை மகளிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். கால் கடிக்குது என்று சொன்னால் போதும். செருப்போடுதான் போவேன். நீங்கள் அந்த ஏழு பேரிடம் தேடிக் காணாத பயம் இருக்கிறதே, அது முழுக்க இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதை ஓரிடத்திலும் இறக்கி வைக்காமல் அந்த அறைக்குள் கொண்டுபோகிறேன்.