உப்புப் போட்டது நான்தான்

ஊரூர் குப்பம், பெசன்ட் நகர்

அன்பு மகள் சகாயத்துக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தம்பி ஏசுராஜும் நல்லபடி இருக்கிறோம், என் முட்டிவலி அப்படியே. ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் பேத்தி தமிழ்மொழியும் மாப்பிள்ளை ரகுபதியும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று புதன்தோறும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். எதிர்வீட்டு தேவானை என் மீன்கூடையை இன்னும் திருப்பித் தரவில்லை, பதினோரு வருஷம் ஆகிறது, இருக்கட்டும். அந்த மண் ராசியில்லை, மாசக் கடைசியில் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டவுனுக்குப் போகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மண் மேல் தப்பில்லை மகளே, தப்பு என் மேல். பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் நான் அங்கே வந்திருந்தபோது நீ துறைமுகத்திலிருந்து இரண்டு வாளி மீன்தலை கொண்டுவந்து, கடை உரமே வேண்டாம்மா, இதை ஆப்பிள் கன்றுக்கு அடியில் புதைத்தால் போதும் என்றாய். குழி தோண்ட நாலு நாள் ஆகும் என்றார் ரகுபதி. நாலு நாள் மீனை உப்பில்லாமல் வைக்க என் கைக்குத் தெரியுமா? நீங்கள் வேலைக்குப் போன நேரம், பனியில் கால் வழுக்காமல் இருக்க வழியில் தூவ வைத்திருந்த உப்பு மூட்டையைப் பிரித்து, ஒரு வரிசை தலை ஒரு வரிசை உப்பு என்று கருவாட்டுக்குப் போடுகிற மாதிரி போட்டு மூடினேன். சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. புதைத்ததும் நானேதான்.

ஒரே மாசத்தில் ஐந்து கன்றும் இலை ஓரம் கருகியது. சுனாமித் தண்ணீர் ஏறின வருஷம் நம் வாசல் முருங்கையும் அப்படித்தான் கருகியது, பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நீயோ, கன்றுக்குச் சாணி போட்டிருந்த ரகுபதியைப் பார்த்து, "பச்சைச் சாணிய இன்னாத்துக்குக் கொட்ன, உன்னாலதான் எல்லாம் போச்சு" என்று கத்தினாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன். உனக்குப் பூ வைக்க வந்த அன்று அவர் அம்மா நம் வீட்டில் மீன் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாளே, அது ஞாபகம் வந்தது, அவள் மகன் படட்டும் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாதா மன்னிக்கட்டும். போன வாரம் தமிழ்மொழி போனில், "ஆயா, அப்பா இப்பல்லாம் தோட்டத்துக்கே போறதில்ல, அம்மாகிட்டயும் பேசறதில்ல" என்றாள். ஏசுராஜிடம் உப்பு விஷயத்தைச் சொன்னேன், "இன்னாமா நீ, அப்பவே ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா" என்று திட்டினான். இந்தத் தாளைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புகிறான்.

நிலத்தைக் கொடுக்காதே. அந்த முருங்கை போன இடத்தில் இரண்டு மழைக்காலம் கழித்து வெண்டை காய்த்தது, நீதான் பறித்தாய். உங்கள் ஊரில் பெய்யாத நாளே இல்லை, உப்பு கரைந்து போகும். கெட்டது அந்த ஐந்து குழிதான், மற்ற இடத்தில் கிழங்கு நன்றாகத்தானே வந்தது.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, மூக்கு விஷயத்தையும் விடாதே. அவர் அம்மாவை நான் மன்னிக்கவில்லை, அது வேறு. உங்கள் மூன்று பேர் தலையிலும் மாதா கை வைத்துக் காப்பாற்றட்டும். உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வைக்குள் மீதி உப்பு இருக்கிறது, ஒளித்து வைத்தது நான்தான். எடுத்து வழியில் தூவு, பிள்ளை வழுக்கி விழப்போகிறாள்.

உன் அம்மா
தேசம்மா