ஓடுகிற மாதிரி ஒரு படம்

ஜூலை 3, செவ்வாய்

புழுக்கம். குளித்துவிட்டுப் போட்ட சட்டை பஜார் முனை வருவதற்குள் முதுகோடு ஒட்டிவிட்டது.

வாங்க வேண்டியவை: புளி, தீப்பெட்டி, கமலா படத்துக்குச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பழையது நேற்றிலிருந்து மினுக் மினுக்.

ஆபீஸ் என்பது பாத்திரக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். கூட வேலை பார்த்தவர் சென்னைக்குப் போனதிலிருந்து இரண்டாவது நாற்காலியில் என் குடை உட்காருகிறது.

செ. சார் போன். (டிரஸ்ட் செக்ரட்டரி. சென்னையில் இருக்கிறார், இங்கே குரலாக மட்டும் வருவார்.)

"நம்ம வெப்சைட்ல நன்கொடைப் பக்கம்னு ஒண்ணு போட்டோமே, யாராவது வர்றாங்களா?"

"வர்றாங்க சார். பார்த்துட்டுப் போயிடறாங்க."

"கடை நடத்தறியா, கண்காட்சி நடத்தறியா?"

விஷயம் இதுதான். மாதக் கடைசிக்குள் பக்கத்தைச் சரிசெய்து நாலு பேரைக் கொடுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆகஸ்டிலிருந்து இருளர் குடியிருப்பில் மாலை வகுப்பு கிடையாது. ராணி டீச்சருக்குச் சம்பளம் தர வழியில்லை.

வகுப்பு நின்றால் எனக்கென்ன, என் சம்பளம் வரும். ஆனால் சனிக்கிழமை போக இடம் இருக்காது. வாரத்தில் அங்கே மட்டும்தான் யாராவது 'சாப்ட்டியா' என்று கேட்கிறார்கள். எழுதிவிட்டேன், போகட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

சாதம் இன்றும் மிச்சம். கமலா போய் தை வந்தால் இரண்டு வருஷம். ஒருவனுக்குப் பொங்க இன்னும் கை பழகவில்லை.

பல்பு வாங்க மறந்தேன்.

ஜூலை 5, வியாழன்

மேகம் உண்டு, மழை இல்லை.

முன்பின் தெரியாதவன் போல நம் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். பெயர். தகப்பனார் பெயர். கதவு எண். தாலுகா. தொழில். எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை. எல்லாம் நிரப்பி முடிக்கும்போது கரண்ட் போயிற்று. வந்ததும் முதலிலிருந்து. எனக்கே கொடுக்கிற ஆசை போய்விட்டது.

மேலே இருக்கும் படம்: ஆண்டு விழாவில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். கொடுக்க வருகிறவன், இவருக்குத்தான் ஏற்கெனவே போர்த்தியாகிவிட்டதே என்று திரும்பிப் போகாமல் என்ன செய்வான்.

எடுத்தது: தகப்பனார், தாலுகா, தொழில், தலைவர்.
வைத்தது: பெயர், மெயில், எவ்வளவு, மனதில் பட்டதை எழுத இரண்டு வரி இடம். பொத்தான் ஒன்றே ஒன்று, பெரிதாக.

செ. சார்: "அப்பா பேர் இல்லாம எப்படிப்பா?"

"குடுக்கறது அவர் சார், அவங்கப்பா இல்ல."

"சரி, ஒரு குழந்தை படமாவது நல்லதாப் போடு. பார்த்ததும் மனசு நிக்கணும்."

பல்பு வாங்கினேன். கமலா படத்து மாலைக்கு மேலே மாட்டினேன். வீட்டில் மறுபடியும் ஆள் இருக்கிறாற்போல.

ஜூலை 7, சனி

மதிய வெயிலில் வாலாஜாபாத் பஸ். இறங்கி ஏரிக்கரை மேலேயே நடை. ஏரியில் தண்ணீர் இல்லை, மாடுகள் உள்ளே மேய்கின்றன.

வேப்பமரத்தடியில் வகுப்பு. கன்னியம்மா, ஒன்பது வயது, விரலை வைத்து வைத்துச் சத்தமாகப் படிக்கிறாள். தெரியாத சொல் வந்தால் இன்னும் சத்தம். ராணி டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

கன்னியம்மாவின் அம்மா லட்சுமி, களை பறித்துவிட்டு வந்தவள், முந்தானையிலிருந்து அவித்த வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னா சார், எளச்சிப் பூட்ட. வூட்ல சோறு ஆக்கறியா இல்லியா?"

"ஆக்கறேன். மிச்சமாயிடுது."

"மிச்சமாவுதுன்னா கூட துண்ண ஆளில்லன்னு அர்த்தம். இத்த துண்ணு."

பெண்ணைப் படம் எடுக்கட்டுமா, கம்ப்யூட்டரில் போடுவோம், வெளியூர்க்காரர்கள் பார்த்து வகுப்புக்கு உதவுவார்கள் என்று சொல்லிக் கேட்டேன். "எட்த்துக்க. எங்களுக்கும் ஒண்ணு குடு. எங்க வூட்ல இவ படமே கெடையாது" என்றாள்.

அதுவரை கத்திக்கொண்டிருந்த பெண், கேமராவைப் பார்த்ததும் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டாள். பரவாயில்லை, முகம் தெளிவு.

பஸ்ஸில் கடலைத் தோலைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன். எறிய மனமில்லை. என்ன மனமோ.

ஜூலை 9, திங்கள்

நாள் முழுக்க இதே வேலை. கன்னியம்மா படத்தை நடுவில் முட்டை வடிவமாக வெட்டிவைத்தேன். வெறுமையாக இருந்தது. வாழ்த்து அட்டைத் தளம் ஒன்றில் மல்லிகைச் சரம் கிடைத்தது, சுற்றிலும் விட்டேன். கீழே ஒரு சின்ன விளக்கு, சுடர் அசைகிற மாதிரி. அதற்கடியில் பொத்தான்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தாற்போல் ஓர் ஆறுதல். நான் செய்ததில் இதுதான் அழகு. தற்பெருமைதான், இருக்கட்டும்.

ஸ்டூடியோவில் அதையே கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன், லட்சுமிக்கு. ஸ்டூடியோக்காரர் பார்த்து 'ச்சு' கொட்டினார். காசும் குறைத்துத்தான் வாங்கினார். நல்ல மனுஷர், இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ஜூலை 11, புதன்

வந்துவிட்டது. ஒருவர், சாயங்காலத்துக்குள் இன்னும் இருவர். அந்த இரண்டு வரி இடத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர்: 'இந்தக் குழந்தைக்காகச் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.'

பெங்களூரிலிருந்து ஓர் அம்மா, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறார்: 'இவள் பெயரால் மற்ற பிள்ளைகளாவது படிக்கட்டும்.' 'மற்ற பிள்ளைகளாவது' கொஞ்சம் இடிக்கிறது. தமிழ் பேசி நாளாகியிருக்கும்.

செ. சார்: "இதத்தான்யா கேட்டேன். படம் போடறதுல உனக்குக் கைராசிதான்."

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கமலாவிடம் சொன்னேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

ஜூலை 14, சனி

எழுதவே கை வரவில்லை.

லட்சுமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படத்தை வாங்கினாள். பார்த்தாள். பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இன்னா சார் இது."

நான் இன்னமும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

"எம் பொண்ணு அங்க குந்திக்கினு கீது பார். உயிரோட கீது. நீ பூவ சுத்தி வெளக்க ஏத்தி எட்த்துனு வந்து கீற."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் காறித் துப்பினார்கள். லட்சுமி உப்பும் மிளகாயும் கொண்டுவந்து பெண்ணைச் சுற்றி அடுப்பில் போட்டாள். பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மரத்தடியில் சிலேட்டுகள் மட்டும்.

படத்தைக் கிழிக்கவும் முடியாது, பெண்ணின் முகம். வைத்துக்கொள்ளவும் முடியாது. திருப்பி என் கையிலேயே கொடுத்தாள். "நீயே எட்த்துனு போ சார்."

ராணி டீச்சர் பஸ் நிற்கும் இடம்வரை வந்தாள். "எப்பிடி சார்? ஒரு தாட்டி கூட ஒங்களுக்குத் தோணலியா?"

"எங்க வீட்டுல போட்டோன்னா அப்படித்தான் இருக்கும்மா. தினம் அதத்தானே பார்க்கறேன்."

பஸ் வந்துவிட்டது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. குரங்காவது உயிரோடு இருக்கும்.

ஜூலை 16, திங்கள்

காற்று. புழுதி. ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்த வரிகளை மறுபடி படித்தேன். கண்ணை மூடி உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகளாவது. அந்த அம்மாவின் தமிழில் ஒரு குறையும் இல்லை. ஸ்டூடியோக்காரரின் 'ச்சு'வும் இப்போதுதான் காதில் விழுகிறது. எல்லோரும் செத்த குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

செ. சாரிடம் சொன்னேன்.

"செத்துட்டான்னு எங்கயாவது எழுதியிருக்கியா? இல்லையே. அவங்களா நெனச்சா நாம என்ன பண்றது?"

"பொண்ணு உயிரோட இருக்கு சார்."

"நல்லா இருக்கட்டும்ப்பா. பக்கமும் அப்படியே இருக்கட்டும். வகுப்பு நடக்கணுமா வேணாமா?"

வேண்டும். அவரைவிட எனக்கு வேண்டும். நானே முதலில் போனை வைத்தேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

பூவை எடுத்தேன். விளக்கை எடுத்தேன். லட்சுமி சம்மதிக்காமல் முகத்தை மட்டும் வைப்பது சரியில்லை, அதையும் எடுத்தேன். பொத்தான் மட்டும் தனியாக நிற்கிறது.

கொடுத்த எல்லோருக்கும் மெயில்: 'கன்னியம்மா நலமாக இருக்கிறாள். சத்தம் போட்டுப் படிக்கிறாள். படத்தைச் சுற்றிப் பூவும் விளக்கும் வைத்தது என் தவறு. கொடுத்ததைத் திரும்பப் பெற விரும்பினால் ஒரு வரி எழுதவும்.'

எல்லோரும் கேட்டுவிட்டால் வகுப்பை மூடியவன் நான்தான். அனுப்பிவிட்டேன்.

ஜூலை 18, புதன்

ஆடி பிறந்துவிட்டது. எங்கேயோ ஒலிபெருக்கி, அம்மன் பாட்டு.

பதில்கள். ஒருவர் திருப்பிக் கேட்டார், நாலு வார்த்தை சேர்த்து. நியாயம்தான். பெங்களூர் அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்தவரிடமிருந்து:

'இருக்கிறாள் என்று யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. போய்விட்டார்கள் என்றுதான் ஊரிலிருந்து வரும். அவள் சிரிக்கிற படம் ஒன்று அனுப்புங்கள். தீபாவளி வரை டீச்சர் சம்பளம் என் பொறுப்பு.'

எத்தனை தடவை படித்தேனோ. எனக்காக எழுதியதல்ல, அந்தப் பெண்ணுக்காக, தெரியும். இருந்தாலும் என் பெயர் போட்டுத்தான் ஆரம்பித்திருந்தார்.

செ. சார்: "தீபாவளிக்கு அப்புறம்?"

"அப்புறம் பக்கம் பார்த்துக்கும் சார்."

"வெறும் பொத்தானை வெச்சுக்கிட்டா?"

ராணி போன் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. மரத்தடியில் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம். சம்பளம் இருக்கிறது, டீச்சர் இருக்கிறாள், பிள்ளைகள் இல்லை.

சனிக்கிழமை போகத்தான் வேண்டும்.

ஜூலை 21, சனி

தூறல். ஏரிக்கரை வழுக்கல்.

கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு லட்சுமி வீட்டு வாசலில் நின்றேன். என்ன சொல்லலாம் என்று பஸ் முழுக்க யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டீச்சரு சொன்னா. ஒங்க வூட்ல அந்தம்மா படம் அப்பிடித்தான் கீதாமே."

"ஆமாம்."

"அதுக்குனு கண்ணுல பட்றத எல்லாம் அப்பிடியே ஆக்கிப்புடுவியா சார்?"

உள்ளே போய் வந்தாள். தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். குடித்தேன்.

பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தவர் எழுதிய இரண்டையும் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "முன்னப் பின்ன தெரியாத மனுசன் எம் பொண்ணுக்கா அளுதிருக்கான்" என்றாள். கன்னியம்மாவைக் கூப்பிட்டாள்.

"எடு. நிக்க வெச்சி எடுக்காத. ஓட்ற மாதிரி எடு. உயிரோட கீதுன்னு பாக்கறவனுக்குத் தெரியணும்."

சொல்ல வேண்டுமா, கன்னியம்மா ஓடினாள். ஈர மண்ணில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். மற்ற பிள்ளைகளும் வெளியே வந்து பின்னால் ஓடினார்கள். ஓடி முடித்து எல்லோரும் மரத்தடியில் போய் விழுந்தார்கள். ராணி சத்தமில்லாமல் சிலேட்டுகளை எடுத்து வைத்தாள். யாரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது ஆபீஸைத் திறந்து நன்கொடைப் பக்கத்தில் ஏற்றினேன். படம் கலங்கல். ஒரு கால், பறக்கிற பின்னல், பாதிச் சிரிப்பு. கண் எது என்று தேட வேண்டும். செ. சார் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெளிவா இல்லையேப்பா" என்றார். இருக்கட்டும் சார் என்றேன். அவரும் விட்டுவிட்டார். பொத்தானுக்கு மேலே அதுதான் இருக்கிறது.

வீடு. கமலா படத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆல்பத்தையும் பார்த்தேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் நிற்கிறாள். திருப்பதியில் நிற்கிறாள். தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நிற்கிறாள். எல்லாம் நான் எடுத்தவை, 'அசையாதே' என்று சொல்லிச் சொல்லி. ஒன்றில்கூடக் கை ஆடவில்லை, முடி பறக்கவில்லை. பால்காரன் மணியடித்தால் அவள் எப்படி ஓடுவாள் என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மாலையைக் கழற்றினேன். பல்பை அணைத்தேன். வீடு ரொம்ப இருட்டாக இருந்தது. பல்பை மட்டும் திரும்பப் போட்டேன்.