நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அன்புள்ள ரோசன்னா,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் புத்தகத்தின் பின்னட்டைப் படம் சொல்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. நம் ஊர் பேஸ்பால் அணியின் வரலாற்றை நீ எழுதியதில் ஊருக்கே பெருமையாம், முடிதிருத்தும் கடையில் என்னைக் கண்டதும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்கிறார்கள். “என்ன எம்மெட், பெத்த பொண்ணே போட்டு உடைச்சிட்டாளே” என்று கடைக்கார ஹார்லன் சிரிக்கிறான்.

அந்த ஆட்டத்தில் நம் பந்து வீச்சாளன் டுவைட் எட்டுச் சுற்று வரை, எதிரணியில் எவனும் அடித்துத் தளம் சேர ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காமல் வீசினான், உண்மை. கடைசியான ஒன்பதாவது சுற்றில் என் தம்பி வெர்னன் கையிலிருந்து ஒரு பந்து நழுவியது, அதுவும் உண்மை. அதைத் தடுத்தவனின் பிழை என்று குறித்திருந்தால் டுவைட்டின் சாதனை நிலைத்திருக்கும். ஸ்கோர் எழுதிய நான் அதை மட்டையாளனின் அடி என்று குறித்தேன். தம்பி பெயரில் பிழை விழக்கூடாதென்று செய்தேனாம், அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். பந்து அவன் முன்னால் ஒரு கூழாங்கல்லில் பட்டுத் தோளுயரம் துள்ளியது. அப்படித் துள்ளினால் அது அடிதான், விதிப்படி. மறுநாள் வரை திருத்த அவகாசம் உண்டு; பாதி ஊர் வாசலில் வந்து நின்று, “அழிச்சு எழுதுப்பா, உன் கை என்ன தேஞ்சா போயிடும்?” என்றது. நான் அழிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக அதே ஆட்களோடு வரிசையில் நின்றுதான் ரொட்டி வாங்குகிறேன்.

ரசிகன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, தனக்கு வேண்டியதைப் பார்க்கிறான். அதில் எனக்கு வருத்தமில்லை, அவன் காசு கொடுத்து உள்ளே வந்தவன். வரலாறு எழுதுகிறவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நீ டுவைட்டைக் கேட்டாய், அன்று மைதானத்தில் வேர்க்கடலை விற்றவளைக் கூடக் கேட்டாய். வெர்னன், “அண்ணன் என்மேல உள்ள பாசத்துல செஞ்சிருப்பான்” என்றானாம்; கண்ணில் வெயிலடித்து அவன் அந்தக் கல்லையே பார்க்கவில்லை. இரண்டு வருடம் ஞாயிறுதோறும் போன் செய்து இங்கே மழையா என்று விசாரித்தாய். இதை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

இருபதாம் தேதி நூலகத்தில் வாசிக்க வருகிறாயாம், அணி தொடங்கிய கதையைத்தான் வாசிக்கப் போகிறாய் என்று நூலகக்காரி சொன்னாள். அது வேண்டாம். அந்தப் பக்கத்தை வாசி. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு நல்ல உடம்பும் நீண்ட ஆயுளும் வேண்டுகிறேன், அதில் குறை வைக்கவில்லை. விமான நிலையத்துச் சாலையில் இன்னும் பனி உறைந்திருக்கிறது, மெதுவாக ஓட்டி வா. வாசிக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்து வாசி.

இப்படிக்கு,
உன் அப்பா
எம்மெட் கோசார்